தேளோடு ஒரு குடித்தனம்

ஐ.ஆர்.சி. எனப்படும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ், பெயரைப் பார்த்து நினைப்பதுபோல் கட்சி அல்ல. சாலை எப்படி இருக்க வேண்டும் என்று விதி எழுதும் பொறியாளர்கள் சபை. அவர்கள் கணக்கில் ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர். 17 மீட்டர் ஆரமுள்ள ஒரு பெரிய வட்டத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டாக, மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். 25 கி.மீ. வேகத்தில் வருகிற கார் அதில் அலுங்காது. ஆனால் சென்னை நாவலூரிலிருந்து தாழம்பூர் பக்கம் திரும்பி உள்தெருக்களுக்குள் போய்ப் பாருங்கள். பைப் பதிக்கத் தோண்டியதில் மிஞ்சிய கான்கிரீட்டைத் தெருக்காரர்களே குறுக்கே குவித்து, கரண்டியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போயிருப்பார்கள். அகலம் ஒன்றரை அடி. உயரம், அன்றைக்கு எவ்வளவு சிமென்ட் மிஞ்சியதோ அவ்வளவு.

என் காரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே 155 மில்லிமீட்டர். விதிப்படி கட்டிய மேட்டில் எனக்கு ஐந்தரை சென்டிமீட்டர் மிச்சம். தெருக்காரர்கள் கட்டியதில் அது கடவுள் விட்ட வழி. சில மாதங்களாக இந்தக் கணக்கோடுதான் காலையில் வண்டியை எடுக்கிறேன்.

கார், செகண்ட் ஹேண்டில் வாங்கிய அபார்த் புன்டோ. 2015 அக்டோபரில் ஃபியட் இதை இந்தியாவில் அறிமுகம் செய்தபோது டெல்லி ஷோரூம் விலை 9.95 லட்சம். 1.4 லிட்டர் டி-ஜெட் டர்போ பெட்ரோல் இன்ஜின், 145 குதிரைத் திறன், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், நிற்கிற நிலையிலிருந்து 100 கி.மீ. தொட 8.8 விநாடி என்றது கம்பெனி. அன்றைக்குப் பத்து லட்சத்துக்குள் இந்த வேகம் வேறு எதிலும் கிடையாது. முகப்பில் ஒரு தேள். கார்லோ அபார்த் 1908 நவம்பரில் வியன்னாவில் பிறந்தவர்; ஆங்கிலக் கணக்குப்படி விருச்சிக ராசி. 1949-ல் இத்தாலியில் கம்பெனி தொடங்கியபோது, நம்மூர் லாரிக்காரர் முன்கண்ணாடியில் குலதெய்வத்தை எழுதிக்கொள்வதுபோல அவர் தன் ராசியை ஒட்டிக்கொண்டார். 1971-ல் கம்பெனி ஃபியட் கைக்குப் போனது. தேள் இடம் மாறவில்லை. எங்கள் அடுக்குமாடி வாட்ச்மேன் முதல் நாள் குனிந்து பார்த்துவிட்டு, “இது என்ன சார், பூச்சி மருந்து கம்பெனி வண்டியா?” என்றார்.

“ஐந்து கதவு, பின்சீட்டில் மாமியார் உட்காருகிறார், இதுவா ஸ்போர்ட்ஸ் கார்?” என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். அதற்குப் பதில் எங்கள் பேட்டையிலேயே இருக்கிறது. வண்டலூர் வழியாகத் தாம்பரம் போகும்போது பெருங்களத்தூர் வருகிறதல்லவா, ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் தொழிற்சாலை அந்தப் பக்கம்தான் இருந்தது. 1961 முதல் அங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு தயாரானது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. முன்பக்க மட்கார்டோடு சேர்த்து பானெட் முழுவதையும் முன்னால் சாய்த்துத் திறக்கலாம். இன்ஜின் பக்கத்தில் முன்டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இதே ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கித்தான் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். சாதாரணக் குடும்பக் காரின் எலும்பில் கொஞ்சம் கொழுப்பை எடுத்து, கொஞ்சம் கோபத்தை ஏற்றுவது புதிய வித்தை அல்ல. அபார்த்தும் அதைத்தான் செய்கிறது. ஸ்டாண்டர்டின் கடைசிக் கதை வேறு: 1985-ல் ரோவர் உடம்புக்குள் பழைய வான்கார்டு இன்ஜினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 என்று விற்கப் பார்த்தார்கள். விலை அதிகம், வேகம் கம்மி. சீக்கிரமே கடையைச் சாத்தினார்கள். வெளித்தோற்றத்துக்காகப் பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

சென்னையில் பழைய கார் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது கிலோமீட்டர் அல்ல, 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் இந்த வண்டி எங்கே நின்றது என்பதுதான். விற்கிறவர் உண்மை சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். சீட் பெல்ட் சொல்லிவிடும். அதைக் கடைசி வரை, சுருள் தீரும் வரை இழுக்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியானால் தினமும் வெளியே வராத அந்தக் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு இருக்கும். யாரும் அங்கே துடைப்பதில்லை. பிறகு ஸ்டெப்னி கிடக்கும் குழியில் விரலை விட்டுத் தடவ வேண்டும், முன்சீட் ஓடும் தண்டவாளத்தில் துருவைத் தேட வேண்டும், கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பார்க்க வேண்டும். நான் நாய் மாதிரி முகர்ந்ததை விற்ற வீட்டுக் குழந்தை பார்த்துச் சிரித்தது.

தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் கேட்டது வேறு கேள்வி. “ரீமேப் பண்ணியிருக்காங்களா சார்? பண்ணியிருந்தா கிளட்ச்சும் டர்போவும் எவ்வளவு அடி வாங்கியிருக்கும்னு சொல்ல முடியாது.” லேப்டாப்பைச் செருகி இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றிக் கூடுதல் குதிரைகளை எழுப்புவதுதான் ரீமேப். இந்த மாதிரி வண்டிகளில் சர்வசாதாரணம். கூடவே சத்தமிடும் சைலன்சரும் மாட்டியிருப்பார்கள். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பதும் இதைத்தான். இன்ஷூரன்ஸ் என்றதும் இன்னொன்று: வாங்கிய 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளர் சேர்த்து வைத்த நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும், வண்டியோடு வராது.

ஓட்ட எப்படி இருக்கிறது? ஓ.எம்.ஆரில் காலை ஒன்பது மணிக்குக் கேட்டால் கெட்ட வார்த்தை வரும். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கு வருகிற மெட்ரோவுக்காக நடுச்சாலையை எடுத்துக்கொண்டதிலிருந்து எல்லோரும் ஓரமாக நெருக்கியடித்துப் போகிறோம். கிளட்ச் கனம். இடது காலை ஓய்வாக வைக்க இடமே விடாமல் பெடல்களை அமைத்தவர் யாரோ, அவரை ஒருநாள் நாவலூரிலிருந்து தரமணி வரை ஓட்டச் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் நாவலூர் டோலை எடுத்தார்கள். காசு மிச்சம், நேரம் மிச்சமில்லை. லிட்டருக்கு 16.3 கி.மீ. என்கிறது சான்றிதழ். இந்த நெரிசலில் இரட்டை இலக்கம் பார்த்தால் அன்றைக்கு ஊர் விடுமுறை என்று அர்த்தம்.

ஆனால் நெரிசல் ஒரு நிமிடம் விலகும் இடங்கள் உண்டு. இரண்டாவது கியரில் 2,000 ஆர்.பி.எம். வரை இன்ஜின் தூங்கி வழிகிறது. அதைத் தாண்டியதும் பானெட்டுக்கு உள்ளே மெல்லிய சீறல், முதுகில் சீட் அழுத்துகிறது, முப்பது அறுபதாகிறது. முழு டார்க் 212 நியூட்டன் மீட்டரும் 2,000-லிருந்து 4,000-க்குள் இருக்கிறது. நகரத்தில் நாம் புழங்குவதும் அந்த எல்லைக்குள்தான். ஸ்டியரிங் பழைய ஹைட்ராலிக் ரகம். இன்றைய கார்களில் ஒரு விரலால் சுற்றும் மின்சார ஸ்டியரிங்கில் பழகியவர்கள் முதலில் திட்டுவார்கள். தார் எங்கே முடிந்து சிமென்ட் எங்கே தொடங்குகிறது, மணல் எங்கே கிடக்கிறது என்பது உள்ளங்கைக்கு வருகிறது. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில் விடியற்காலை உப்பளங்களைத் தாண்டி வளையும்போது வேகமுள் அறுபதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

அறுபது என்பதை வேண்டுமென்றுதான் சொல்கிறேன். 2023 நவம்பரில் சென்னை மாநகரக் காவல்துறை கார்களுக்கு வைத்த உச்ச வேகம் அதுதான். குடியிருப்புத் தெருக்களில் 30. 300 குதிரையுள்ள வண்டி வாங்கினாலும் அடையாறில் அதே அறுபது. ஆகவே இந்தப் பக்கத்தில் ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவர் பார்க்க வேண்டியது உச்ச வேகத்தை அல்ல. இருபதுக்கும் அறுபதுக்கும் நடுவே வண்டி என்ன பேசுகிறது, அடிவயிறு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டைத்தான். தரையோடு தரையாக ஊர்கிற ஜெர்மன் டூ-சீட்டரைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்று ஒருவர் ஆசை காட்டினார். எங்கள் பேஸ்மென்ட் சாய்தளத்தை நினைத்துப் பார்த்துக் கும்பிடு போட்டேன்.

மேடுகளைத் தாண்ட ஒரு முறை இருக்கிறது. நேராக ஏறக் கூடாது. சாய்த்து, ஒரு சக்கரத்தை முதலில் ஏற்றி, அது இறங்கும் முன் அடுத்ததைக் கொடுக்க வேண்டும். பின்னால் வரும் ஆட்டோக்காரருக்கு நான் யு-டர்ன் போடுகிறேனா, மயக்கம் போட்டுவிட்டேனா என்று புரியாது. ஒருவர் ஒட்டிவந்து, “கார் உன்னுதுதானே தலைவா? ஏன் இப்படி பயப்படுற?” என்று கேட்டுவிட்டுப் போனார். தன்னுடையது என்பதால்தான் பயம் என்று சொல்ல நேரமில்லை.

ஈ.சி.ஆரில் ஞாயிறு விடியலில் சிக்னலுக்குச் சிக்னல் பைக் பையன்கள் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக் காட்டுவார்கள். பக்கவாட்டுச் சிவப்புப் பட்டையும் தேளும் அவர்களை உசுப்புகின்றன. பொதுச்சாலையில் பந்தயம் விட்டால் முதல் முறையே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. சட்டம் கிடக்கட்டும், குறுக்கே மீன்கூடையோடு ஒருவர் கடப்பார், பிறகு என்ன செய்வது? வேகம் வேண்டுமென்றால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கிலோமீட்டர் ட்ராக் இருக்கிறது. சோழவரத்தில் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திய கிளப் அது. சொந்த காரைக் கொண்டுவந்து ஓட்டும் ட்ராக் நாட்கள் அங்கே நடக்கின்றன. ஹெல்மெட் வாங்கிவிட்டேன்; வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மழைக்காலம் தனிக் கவலை. என் டயரின் அளவு 195/55 ஆர்16. அதன் பாதி உயரம் சுமார் 31 சென்டிமீட்டர். தண்ணீர் அதைத் தொட்டால் நான் வண்டியை எடுப்பதில்லை. எல்லை மீறினால் இன்ஜின் காற்றோடு தண்ணீரையும் குடிக்கும், கனெக்டிங் ராடு வளையும், செலவு காரின் விலையைத் துரத்தும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாக காரை நிறுத்தியதைப் பலர் கிண்டல் செய்தார்கள். எனக்கு அது அறிவுள்ள காரியமாகவே பட்டது.

சாமான் கிடைக்குமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வருவதற்கு முன்பே ஃபியட் பெயரில் கார் விற்பனை இங்கே முடிந்துவிட்டது. ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜினை மாருதி ஸ்விஃப்டிலும் டாடா வண்டிகளிலும் போட்டதால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கும் மெக்கானிக்குகள் தெருவுக்குத் தெரு உண்டு. டர்போ பெட்ரோல் அப்படியல்ல. பிரேக் பேட், ஃபில்டர் எல்லாம் தாம்பரத்திலேயே கிடைக்கின்றன. டர்போ, சென்சார் வகையறாவுக்கு இதே இன்ஜின் குடும்பம் ஓடும் இத்தாலியிலிருந்து வரவழைத்து, சுங்க வரி கட்டி, காத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். இந்த வண்டி பிறந்த காலத்தில் அந்தக் கலவை பம்ப்பில் கிடையாது. ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொரு சர்வீஸிலும் பிதுக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன் இப்போது டைமிங் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பழைய பில் எதிலும் அதை மாற்றியதாக இல்லை. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இரண்டையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும். “கிட் வர்ற வரைக்கும் நாலாயிரத்துக்கு மேல முறுக்காதீங்க சார்” என்று கட்டளை. பணம் கட்டியாயிற்று. பார்சல் எங்கே வருகிறது என்று தினமும் போனில் பார்க்கிறேன். கடைசியாகக் காட்டியது மிலான்.