இங்கிதம் அறியாத பிள்ளை

பிறமொழி வழங்கும் நகரில் குடியேறி வாழும் நமக்குத் தெரியாத சொற்களால் வரும் இடர் சிறிது. தெரிந்த சொற்களால் வரும் இடரே பெரிது. தெரியாத சொல்லைக் கேட்டால் அதன் பொருளை வினவுகிறோம். தெரிந்த சொல்லுக்கோ வினவாமலே பொருள் கொண்டுவிடுகிறோம். திருவனந்தபுரத்தில் நாம் நன்கு பழகிய ஒரு தமிழ்க் குடும்பத்தில் நேர்ந்த சிறு நிகழ்ச்சி இதனை நமக்கு உணர்த்திற்று.

கரமனையிலுள்ள அவ்வீட்டிற்குத் திருநெல்வேலியிலிருந்து ஆச்சி வந்திருந்தார். அவரைக் காண அயல்வீட்டு மலையாள அம்மையார் தம் மகளோடு வந்தார். அப்பெண்ணுக்கு நிச்சயமாகியிருந்த திருமணம் சில நாட்களுக்கு முன்னர்தான் தவறிப்போயிருந்தது. பெரியவர்கள் அதனைத் தொடாமல், மழையைப் பற்றியும் பத்மநாபசுவாமி கோயில் உற்சவத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வேளையில் பத்து வயதுப் பேரன் ஓடிவந்து, "சேச்சிக்குக் கலியாணம் என்றைக்கு?" என்று கேட்டுவிட்டான். ஆச்சி பதறிப்போய், "இங்கிதம் அறியாத பிள்ளை!" என்று அவனைக் கடிந்துகொண்டார். அங்கிருந்த நாமும் செய்வதறியாது விழித்தோம். அம்மையாரின் முகம் வாடியது. கொடுத்த காப்பியை அருந்தாமலே மகளை அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

நான்கு நாட்கள் இரு வீட்டாருக்கும் போக்குவரத்து இல்லை. ஐந்தாம் நாள் பையனின் தாயார் தாமே சென்று, "சிறுவன் தெரியாமல் கேட்டுவிட்டான், சேச்சி, மன்னித்துவிடுங்கள்" என்றார். "குழந்தை கேட்டதில் எனக்கு வருத்தமில்லை, உங்கள் ஆச்சி சொன்னதுதான் சுட்டது" என்றார் அம்மையார். அப்போதுதான் உண்மை விளங்கிற்று.

'இங்கிதம்' என்னும் சொல் மலையாளத்திலும் வழங்குகிறது. ஆனால் அங்கே அதற்கு உள்ளத்தின் விருப்பம் என்பது பொருள். ஒருவர் தம் இங்கிதத்தை அறிவித்தார் என்றால் தம் விருப்பத்தைத் தெரிவித்தார் என்றே மலையாளிகள் கொள்வர். 'பிள்ளை' என்பதும் அங்கே குழந்தையைக் குறிக்கும் சொல்லே. ஆகவே, "விருப்பம் இன்னதென்று யாரும் கேட்டறியாத பெண்" என்று அம்மையார் பொருள் கொண்டுவிட்டார். மகளின் மனத்தைக் கேளாமலே மணம் பேசியதாகத் தம்மைப் பழித்தார்கள் என்று எண்ணி நொந்திருக்கிறார்.

ஒரே சொல் இவ்வாறு இருவேறு பொருள் கொண்டது எங்ஙனம்? இது வடமொழியிலிருந்து வந்த சொல். அசைதல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்தது. முதலில் அது முகத்திலும் உடலிலும் தோன்றும் சிறு அசைவைக் குறித்தது. பின்னர் அவ்வசைவால் வெளிப்படும் உட்கருத்தையும் குறித்தது. மலையாள வழக்கு அந்த உட்கருத்தோடு நின்றது. தமிழ் வழக்கோ மேலும் ஓரடி சென்று, பிறர் உட்கருத்தை உணர்ந்து அதற்கேற்ப நடக்கும் பண்பைக் குறிக்கலாயிற்று. மலையாளியின் இங்கிதம் நினைப்பவரிடத்தே உள்ளது; தமிழரின் இங்கிதம் அவரைக் காண்பவரிடத்தே இருக்கவேண்டுவது.

இப்பண்பிற்குத் தமிழில் பழம்பெயரும் உண்டு. திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்னும் ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஒன்று பொருட்பாலில் 71-ஆம் அதிகாரம்; மற்றொன்று காமத்துப்பாலில் 110-ஆம் அதிகாரம். அரசவையிலும் காதலிலும் ஒருங்கே வேண்டப்படும் திறம் என்று வள்ளுவர் கருதினார் போலும்.

இதனால் 'இங்கிதம் தெரியாதவன்' என்னும் வசையின் அளவும் நமக்குப் புலப்படும். அவன் கெட்டவன் அல்லன். எதிரிலிருப்பவர் முகத்தைப் படிக்கத் தவறியவன், அவ்வளவே. துடுக்கன் பிறர் புண்படுவதை அறிந்தும் பேசுவான். இவன் அறியாமற் பேசுவான். 'விவஸ்தை கெட்டவன்' என்பது இதனினும் கடுமையானது. முறை, வரம்பு எதனையும் பொருட்படுத்தாதவனை அது குறிக்கும். அந்த 'விவஸ்தை'யும் மலையாளத்தில் 'வ்யவஸ்த' என்று நின்று, வாடகைப் பத்திரத்தில் நிபந்தனை என்னும் பொருளில் வருவதை நம்மிற் பலர் கண்டிருப்போம். இங்கிதத்தைத் தன்மேல் ஏற்றிச் சொல்லும் வழக்கும் நம்மிடம் உண்டு. "இங்கிதமில்லாமல் கேட்கிறேன் என்று எண்ணவேண்டாம்" என்று தொடங்கினால் கேட்கத் தயங்கும் கேள்வியும் மென்மையாகும். ஆனால் பெரியவர்களை நோக்கி இச்சொல்லை நேரே கூறுதல் தகாது. கூறினால் அதுவே இங்கிதக் குறைவாகும்.

நம் குழந்தைகள் பள்ளியில் ஒரு பொருளையும் வீட்டில் மற்றொரு பொருளையும் கேட்டு வளர்கிறார்கள். இரண்டில் ஒன்று பிழை என்று சொல்லிக்கொடுப்பது முறையன்று. இரண்டும் சரியே, எந்த மொழியில் எது என்பதைப் பெற்றோர் விளக்கிக் கூறவேண்டும். விளக்காவிடின் பாட்டியின் சொல் பேரனுக்கு விளங்காது. நம் வீட்டுச் சொல் அயலாருக்கு முள்ளாகும்.

விளக்கத்தைக் கேட்ட அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். "அதற்கு நாங்கள் ஔசித்யம் என்றல்லவா சொல்வோம்!" என்றார். அன்று மாலையே ஆச்சி ஒரு பாத்திரத்தில் அதிரசம் வைத்துப் பேரனிடம் கொடுத்து, அயல்வீட்டுக்கு அனுப்பினார். எதையும் பேசாதே என்று அவனைத் தடுக்கவில்லை. "முகத்தைப் பார்த்துப் பேசு, ஐயா" என்று மட்டும் சொன்னார்.