தாடைக்குள் ஒரு சிறு சன்னல்

கடைவாய்ப்பல் பக்கம் லேசான வீக்கம். வலி இல்லாததால் பல மாதம் யாரும் கண்டுகொள்வதில்லை. கடைசியில் தாடை முழுவதையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தால் கீழ்த்தாடை எலும்புக்குள் பெரிய கறுப்பு வட்டம் தெரிகிறது. பயாப்ஸியில் வரும் பெயர் ‘அமெலோபிளாஸ்டோமா’. பல்லுக்கு எனாமல் கட்டித்தரும் செல்களின் வழியில் வந்த கட்டி இது. புற்றுநோய் அல்ல. ஆனாலும் எலும்பை உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும்.

சுரண்டி மட்டும் எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். அதனால் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் நல்ல எலும்பையும் சேர்த்து அறுப்பதே வழக்கம். இழந்த தாடைக்குப் பதிலாகக் காலிலிருந்து எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்து வைப்பார்கள். அருமையான அறுவை சிகிச்சைதான். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதில் போகிற பற்களும், மரத்துப்போகிற கீழுதடும் சின்ன இழப்பா?

எல்லாருக்கும் அது தேவையில்லை. நீர் கோத்த ஒற்றை அறையாக, பெரும்பாலும் இளவயதில் வரும் வகை அவ்வளவு முரடு அல்ல என்று 1977இல் ராபின்சனும் மார்ட்டினெஸும் பிரித்துக் காட்டினார்கள். இதற்குக் கைகொடுப்பது 1892இல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் பார்ச் தாடை நீர்க்கட்டிகளுக்குச் சொன்ன வழி. வாய்க்குள்ளிருந்து கட்டியில் ஒரு சன்னல் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் சிறு குழாயைத் தைத்துவிடுவார்கள். நீர் வடிந்து உள்ளழுத்தம் இறங்கியதும் சுற்றியுள்ள எலும்பு உள்நோக்கி வளரத் தொடங்கும்.

மீதி வேலை வீட்டில். ஊசி கழற்றிய சிரிஞ்சில் உப்புநீரை ஏற்றிக் குழாய்க்குள் பீய்ச்சவேண்டும். உள்ளே சிக்கிய சோற்றுப் பருக்கை வெளியே வரும். ஒருநாள் விட்டால் நாற்றமடிக்கும். சில மாதம் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயில் கறுப்பு வட்டத்தின் ஓரங்கள் வெளுத்திருக்கும். உதட்டுக்குப் போகும் நரம்புக்கும் கட்டிக்கும் நடுவே புது எலும்பு வந்திருக்கும். அப்போது சுருங்கிய மிச்சத்தைத் தோண்டி எடுப்பது எளிது.

கட்டியின் செல்கள் பைச்சுவருக்குள் ஊடுருவியிருந்தால் கதை வேறு. முதல் பயாப்ஸித் துணுக்கில் அது தப்பிவிடலாம். அதனால் எடுத்த பை முழுவதையும் சோதிக்கவேண்டும். ஊடுருவல் இருந்தால் பெரிய அறுவையே தேவைப்படலாம். 2014இல் இக்கட்டிகள் பலவற்றில் ‘பிராஃப்’ மரபணு மாற்றம் கண்டறியப்பட்டபின், அதைத் தடுக்கும் மாத்திரையால் சிலருக்குக் கட்டி சுருங்கியிருக்கிறது.

பத்தாண்டு கழித்தும் இது தலைகாட்டலாம். ஆகவே தாடையைக் காப்பாற்றிக்கொண்டவர் ஆண்டுதோறும் எக்ஸ்ரேவுக்கு வந்தாக வேண்டும். வலியே இல்லாத ஒருவர் பஸ் ஏறி வருவதற்கு, முதல் நாளே மருத்துவர் உட்கார்ந்து இதைப் பேசியிருக்கவேண்டும். பழைய எக்ஸ்ரே உறைகளையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லவேண்டும். புதுப்படத்தை அவற்றோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள்.