வீட்டுக்கே வரும் வெளிநாட்டு வகுப்பறை

மெர்போக் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? ஆற்றோரத்துக் கண்டல் காடா? பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருட் காட்சிசாலையா? புக்கிட் பத்து பகாட்டில் சிதைந்து கிடந்து, பின்னர் கல் கல்லாக எடுத்துக் கட்டப்பட்ட பழங்கோயிலா? இவற்றோடு இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். கல்வி தேடிக் கடல் கடந்தவர்கள் தங்கிச் சென்ற மண் நம் மண்.

கி.பி. 671-இல் இத்சிங் என்ற சீனத் துறவி காண்டன் துறைமுகத்தில் கப்பலேறினார். அவருடைய நோக்கம் இந்தியாவின் நாலந்தாவில் பயில்வது. ஆனால் நேரே அங்கே போய்விடவில்லை. ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் படித்தார். பிறகு கெடாவுக்கு வந்து, இங்கிருந்து கப்பலேறி வங்கக் கடலைக் கடந்தார். நாலந்தாவில் ஏறக்குறைய பத்தாண்டு படித்தார். தமக்குப் பின்னே வருபவர்களுக்கு அவர் சொன்ன யோசனை என்ன தெரியுமா? இந்தியாவுக்குப் போகுமுன் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரண்டு ஆண்டு தங்கித் தயார் செய்துகொள்ளுங்கள் என்பதுதான். புறப்படுமுன் ஆயத்தம் வேண்டும் என்ற அந்த அறிவுரை இன்றைக்கும் பழையதாகிவிடவில்லை.

பரிமாற்ற மாணவர் என்பவர் யார்?

இந்நாளில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் மட்டும் படித்துத் திரும்புகிறவரைப் பரிமாற்ற மாணவர் என்கிறோம். இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் செய்துகொள்ளும். மாணவர் கட்டணத்தைத் தம் பல்கலைக்கழகத்திலேயே கட்டுவார். அங்கே பாடக் கட்டணம் பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். படித்த பாடம் இங்கே அவருடைய பட்டக் கணக்கில் சேரும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விமானச் செலவு? விசா? அங்கே அறை வாடகை, சாப்பாடு? தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்துப் பிள்ளையைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்த குடும்பம் இந்த இடத்தில்தான் தயங்கி நிற்கிறது. "நமக்கெதற்கம்மா அதெல்லாம்? உள்ளூரிலே படிச்சா போதும்" என்று தாயார் சொன்னால், அதில் தவறு காண முடியுமா? இயலாமையைப் பிள்ளைக்குத் தெரியாமல் மறைக்கிற பேச்சு அது.

அந்தத் தயக்கத்தை ஓரளவு நீக்க வந்ததுதான் இணையவழிப் பரிமாற்றப் படிப்பு. பிள்ளை மெர்போக்கிலேயே இருப்பார். வகுப்பு மணிலாவிலோ சோலிலோ பெர்லினிலோ நடக்கும்.

தபாலில் வந்த பாடம்

தொலைவிலிருந்து படிப்பது நமக்குப் புதிதல்ல. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971-லேயே தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. வேலையில் இருந்தபடியே பாடநூல்களை வாங்கிப் படித்துப் பட்டம் பெற அது வழி செய்தது. 2001 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. உலகெங்கும் வாழும் தமிழர் வீட்டிலிருந்தே தமிழ் படிக்க அது வழி திறந்தது. இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம்.

பரிமாற்றப் படிப்பு இணையத்துக்கு வந்த வரலாறும் சுவையானது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006-இல் இதற்கென ஒரு மையம் அமைத்தது. இரு நாட்டு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தை வகுப்பார்கள்; இரு நாட்டு மாணவர்களும் ஒரே குழுவாக அமர்ந்து செய்து முடிப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் எராஸ்மஸ் திட்டத்தின் கீழ் இணையவழிப் பரிமாற்றத்தைத் தொடங்கியது. 2020-இல் கோவிட் தொற்று வந்து விமானங்கள் நின்றுபோயின. நம் நாட்டில் மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அதுவரை சிலருக்கே தெரிந்திருந்த இந்த முறை, அதன் பிறகு பல நாடுகளில் சாதாரணமாகிவிட்டது.

நம் பக்கத்திலேயே இரண்டு பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. மெர்போக்கில் இருப்பது மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கெடா வளாகம். அது பூமிபுத்ரா மாணவர்களுக்கென அமைந்தது. அருகே செமிலிங்கில் இருப்பது 2001-இல் உருவான எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். உங்கள் பிள்ளை எங்கே படித்தாலும் சரி, அங்கே அனைத்துலக விவகார அலுவலகம் என்று ஒன்று இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். பரிமாற்ற ஒப்பந்தங்களைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

எல்லாப் படிப்பும் இணையத்துக்கு ஒத்துவராது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் மருத்துவம் கைவராது. வணிகம், மொழி, கணினி, வரலாறு போன்ற பாடங்களே இதற்கு ஏற்றவை.

கைக்கு எட்டியது வாய்க்கும் எட்ட வேண்டும்

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, அந்தப் பாடத்தை உங்கள் பிள்ளையின் சொந்தப் பல்கலைக்கழகம் கணக்கில் எடுத்துக்கொள்ளாவிட்டால், கையில் மிஞ்சுவது ஒரு சான்றிதழ் தாள் மட்டுமே. அறிவு வளர்ந்திருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே பாடத்தை இங்கே மறுபடி படிக்க வேண்டும். அதற்கு மறுபடி பணமும் கட்ட வேண்டும்.

இதை முடிவு செய்வது கிரெடிட் கணக்கு. நம் நாட்டுக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். வகுப்பு, வாசிப்பு, எழுத்துவேலை, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். பதினான்கு வாரத்துக்குப் பிரித்துப் பாருங்கள், வாரத்துக்கு எட்டரை மணி நேரம் வருகிறது. ஐரோப்பாவில் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம்தான். ஆகவே அங்கே ஆறு கிரெடிட் என்றால் இங்கே ஆறு ஆகிவிடாது. மணிக்கணக்கில் பார்த்தால் சுமார் நான்குதான். அதிலும் எத்தனையை ஏற்பது என்பது இங்குள்ள பல்கலைக்கழகத்தின் முடிவு.

யாரும் சேர்ந்து படிக்கக்கூடிய திறந்த இணையப் பாடங்களுக்கும் இதே விதிதான். 2014-இல் நம் அரசுப் பல்கலைக்கழகங்கள் அத்தகைய பாடங்களைத் தொடங்கின. அவற்றைக் கிரெடிட்டாக மாற்றும் வழிகாட்டியை மலேசியத் தகுதி முகவாண்மை 2016-இல் வெளியிட்டது. இந்தியாவில் 2017-இல் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் இலவசமாகப் பாடம் கேட்கலாம். அங்கே ஒரு பருவப் பாடங்களில் 40 விழுக்காடு வரை இணையத்தில் படித்துக் கணக்கில் சேர்க்கலாம் என்று 2021-இல் விதி வந்தது. அந்த விதி இந்தியாவுக்கு உரியது. நம் பிள்ளைக்கு அது தானாக வந்து பொருந்தாது.

ஆகவே, பதிந்துகொள்ளுமுன் இந்த ஐந்து கேள்விகளுக்கு விடை வாங்கச் சொல்லுங்கள்:

1. இந்தப் பாடத்தை நம் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்துக்கு ஈடாக, எத்தனை கிரெடிட்டுக்கு ஏற்கும்?

2. அந்த ஒப்புதலை எழுத்தில் தருவார்களா? வாய்ச்சொல் போதாது.

3. பாடக் கட்டணம் இல்லை என்றாலும் பதிவு, தேர்வு, சான்றிதழ் இவற்றுக்குக் கட்டணம் உண்டா?

4. தேர்வை வீட்டிலிருந்து எழுதலாமா, வேறெங்காவது போக வேண்டுமா?

5. வகுப்பு நேரலையா? நம் நேரப்படி எத்தனை மணிக்கு?

ஐந்தாவது கேள்வியை அற்பமாக எண்ணிவிடாதீர்கள். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி வகுப்பு என்றால், நமக்கு இரவு ஒன்பது மணி. அங்கே குளிர்காலமானால் பத்து மணி. லண்டனில் மாலை மூன்று மணி என்றால், நமக்கு இரவு பத்து அல்லது பதினொன்று. ஜப்பான், கொரியா என்றால் ஒரு மணி நேர வித்தியாசம்தான். நேரம் பார்த்து நாட்டைத் தேர்ந்தெடுப்பதும் புத்திசாலித்தனமே.

பெற்றோர் செய்யக்கூடியது

விமானச் சீட்டு வாங்கித் தர முடியாத பெற்றோரும் இந்தப் படிப்புக்கு நிறையச் செய்யலாம். வாரத்துக்கு எட்டரை மணி நேரம் வீட்டில் ஒரு மூலையை ஒதுக்கித் தர முடியுமா? அந்த நேரத்தில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்க முடியுமா? இரவு பத்து மணிக்கு மகள் கணினியின் முன் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தால், "எந்நேரமும் போனும் கையுமா இருக்கா" என்று குறைசொல்லாமல் இருக்க முடியுமா? அவள் வகுப்பில் இருக்கிறாள், ஐயா! அவளுடைய குழுவில் வேற்று நாட்டுப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். பாதியில் எழுப்பி மளிகைக்கடைக்கு அனுப்பினால், ஒரு வகுப்பு போனது போனதுதான்.

இணைய வசதியையும் முன்கூட்டியே சரிபாருங்கள். 2020-இல் சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி இணையத் தொடர்பு கிடைப்பதற்காக மரத்தின் மேல் தங்கித் தேர்வு எழுதியதை நாடே அறியும். வீட்டில் தொடர்பு மோசமாக இருந்தால், வளாக நூலகத்தையோ உறவினர் வீட்டையோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முதல் வகுப்புக்கு முன் ஒரு நாள் அதே நேரத்தில் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இணைய வகுப்பு நேரில் போவதற்கு முழு ஈடாகாது. வேற்று நாட்டுத் தெருவில் நடப்பதும், வேற்று வீட்டில் உண்பதும் தரும் படிப்பைத் திரையில் பெற முடியாது. ஆனால் வேற்று நாட்டவரோடு அமர்ந்து, கூச்சமின்றிக் கேள்வி கேட்டு, ஒரு வேலையைச் சேர்ந்து முடிக்கலாம் என்ற துணிவை அது தரும். அந்தத் துணிவு பெற்ற பிள்ளை நாளைக்கு நேரிலும் போகும்.

உங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போகும் பிள்ளை இருந்தால், இன்றிரவு சாப்பாட்டு வேளையிலேயே இந்தப் பேச்சைத் தொடங்குங்கள். பிள்ளையே கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டு நிலைமை தெரிந்த பிள்ளைகள் பல வேளைகளில் வாய்திறந்து கேட்பதில்லை.