கண்ணாடி டைல்ஸில் காய்ந்த சிமெண்டு! ஆசிட் வேண்டாம், பொறுமை போதும்

வீடு கட்டி முடிந்தது. வர்ணம் அடித்தாயிற்று. குளியல் அறைச் சுவரில் நீலமும் பச்சையுமாகக் கண்ணாடி டைல்ஸ் பதித்தாயிற்று. கிரகப்பிரவேசத்துக்கு நாலே நாள்தான் இருக்கிறது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், பளபளக்க வேண்டிய கண்ணாடி சாம்பல் பூத்துக் கிடக்கிறது!

அந்தச் சமயத்தில் யாராவது ஒருவர் யோசனை சொல்வார்: "ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி ஊற்றுங்கள். ஒரே நிமிஷத்தில் போய்விடும்!"

போகும். ஆனால் அதோடு வேறு பலவும் போகும். டைல்ஸ் சந்துகளில் உள்ள பூச்சு போகும். குழாயின் மெருகு போகும். தேய்க்கிறவரின் கையும் மூச்சும் கெடும். நிதானமாகச் செய்தால் இந்த நஷ்டம் எதுவும் இல்லாமல் அதே கண்ணாடியை மின்ன வைக்கலாம்.

சாம்பல் வந்தது எப்படி?

டைல்ஸ் பதித்தபின், இடையில் உள்ள சந்துகளை ஒரு சிமெண்டுக் குழம்பால் அடைப்பார்கள். 'கிரவுட்' என்று அதற்குப் பெயர். குழம்பை முழுச் சுவரிலும் தடவி, சந்துகளில் அழுத்தி, மிச்சத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து எடுக்க வேண்டும். துடைப்பதில் அவசரப்பட்டால் கண்ணாடி மேல் மெல்லிய படலம் தங்கிவிடும். அடுத்த நாள் அதுவே கல்லாகி நிற்கும்.

'காய்ந்துவிட்டது' என்று சொல்கிறோம். உண்மையில் சிமெண்டு காய்வதில்லை, இறுகுகிறது. தண்ணீர் ஆவியாகிப் போவதால் அது கெட்டியாவதில்லை. தண்ணீரோடு ரசாயன முறையில் சேர்ந்து வேறு பொருளாகவே மாறிவிடுகிறது. அதனால்தான் மறுபடி எவ்வளவு நனைத்தாலும் பழைய குழம்பு ஆவதில்லை.

ஆனால் ஒரு நல்ல சேதியும் உண்டு. கண்ணாடிக்குச் செங்கல்லைப் போல நுண்துளைகள் கிடையாது. சிமெண்டு அதற்குள் இறங்க முடியாது. மேலே ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே அதை எடுத்துவிட முடியும்.

கீறுவது எது?

படலத்தைக் கண்டதும் பலர் உலர்ந்த துணியால் பலமாகத் தேய்ப்பார்கள். சிலர் உப்புத்தாளை எடுப்பார்கள். சிலர் இரும்பு நாரை எடுப்பார்கள். மூன்றும் தவறு.

பல கிரவுட்களில் நுண்ணிய மணல் கலந்திருக்கும். பொருள்களின் கடினத்தை 1 முதல் 10 வரை எண்ணிட்டு அளக்கும் முறையை ஜெர்மன் விஞ்ஞானி மோஸ் 1812-ல் வகுத்தார். அந்தக் கணக்கில் கண்ணாடியின் கடினம் ஏறக்குறைய 5½. மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் 7. அதாவது, கண்ணாடியைவிட மணல் கடினமானது. உலர்ந்தபடி தேய்த்தால், கையில் உள்ள துணி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அடியில் உள்ள மணல் கண்ணாடியைக் கீறிவிடும்.

சிமெண்டுக் கறையைப் போக்க வழி உண்டு. கீறலைப் போக்க வீட்டில் வழி இல்லை. இதை நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

செய்ய வேண்டியது என்ன?

1. முதலில் தண்ணீர். சுவரை நன்றாக நனைத்து, ஈரத் துணியைச் சிறிது நேரம் ஒட்டி வையுங்கள். பிறகு மெல்லிய ஈர ஸ்பாஞ்சால், அழுத்தாமல் துடையுங்கள். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். வாளித் தண்ணீரில் மணல் இருந்தால் அதுவே மறுபடி கீறும். ஒரு நாள், இரண்டு நாள் ஆன படலம் பெரும்பாலும் இதிலேயே போய்விடும்.

2. திட்டாக நிற்கும் சிமெண்டை, நனைத்தபின் பிளாஸ்டிக் சுரண்டியால் நெம்புங்கள். உபயோகம் முடிந்த பிளாஸ்டிக் கார்டு ஒன்றும் போதும். கத்தி வேண்டாம்.

3. அதற்கும் மசியாவிட்டால் வினிகர். கிரவுட் இட்டு 10 நாட்களாவது ஆன பிறகே இதைத் தொட வேண்டும். சந்துகள் அதற்குள் நன்றாக இறுகியிருக்கும். 1 பங்கு வினிகருக்கு 4 பங்கு தண்ணீர் சேர்த்துக் கொள்ளுங்கள். முதலில் சந்துகளைப் பச்சைத் தண்ணீரால் நனைத்துவிட்டால், அவை புளிப்பை உறிஞ்சாது. வினிகர் தண்ணீரில் நனைத்த துணியைக் கறைமேல் 5 நிமிஷம் ஒட்டி வைத்து, துடைத்து, உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு டைல்ஸில் சோதித்துப் பார்த்த பிறகே முழுச் சுவருக்கும் போக வேண்டும். சில கண்ணாடி டைல்ஸுக்குப் பின்புறத்தில்தான் வர்ணம் பூசியிருப்பார்கள். சந்து வழியாகப் புளிப்பு இறங்கினால் அந்த வர்ணம் கெடலாம். கண்ணாடியோடு சலவைக்கல் துண்டுகளும் கலந்து பதித்திருந்தால் வினிகரும் கூடாது. சலவைக்கல்லை அது அரித்துவிடும்.

இப்போது 'எபாக்சி' என்ற பிசின் வகைக் கிரவுட்டும் வழக்கத்தில் இருக்கிறது. அதில் வினிகர் பலிக்காது. இறுகுவதற்கு முன்பே துடைத்துவிட வேண்டும். இறுகிவிட்டால், அதற்கென்று தயாரிப்பாளர்கள் விற்கும் திரவத்தைத்தான் நாட வேண்டும்.

ஜாக்கிரதை! விஷவாயு!

குளியல் அறையில் பிளீச்சிங் பவுடரும் இருக்கும், ஆசிட்டும் இருக்கும். கறை ஒன்றில் போகவில்லை என்று மற்றதையும் சேர்த்து ஊற்றுகிறவர்கள் உண்டு. அப்படிச் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு! 1915 ஏப்ரல் 22-ந் தேதி, முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மன் படை எதிரிகள் மேல் திறந்துவிட்டது இதே வாயுதான். ஜன்னல் சாத்திய சிறிய அறையில் கொஞ்சம் கிளம்பினாலும் ஆபத்து. வினிகரைக்கூட பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கக் கூடாது. தவறிச் சேர்ந்து நெடி வந்தால், உடனே அறையை விட்டுக் காற்றோட்டமான இடத்துக்கு வந்துவிட வேண்டும். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

சிமெண்டும் சாதுவல்ல. ஈரச் சிமெண்டு கடுமையான காரம். தோலில் பட்டால் உடனே எரியாது. சில மணி நேரம் கழித்தே புண் தெரியும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ரப்பர் கையுறை வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை.

ஆயிரம் வருஷத்துக் கண்ணாடி

பூச்சுக்கு அடியில் மறைந்த கண்ணாடியைப் பொறுமையால் மீட்கலாம் என்பதற்கு இஸ்தான்புல் நகரத்தில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. ஹாகியா சோபியா என்ற கட்டடம் அது. கிறிஸ்தவக் கோயிலாக இருந்த காலத்தில், அதன் சுவர்களிலும் மேல்வளைவுகளிலும் சிறுசிறு கண்ணாடித் துண்டுகளால் சித்திரங்கள் பதித்தார்கள். கண்ணாடிக்குள் தங்கத் தகடு வைத்த துண்டுகளும் அதில் உண்டு. 1453-ல் அது மசூதியாயிற்று. காலப்போக்கில் சித்திரங்கள் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்தன. 1847 முதல் 1849 வரை பழுது பார்த்த பொசாட்டி சகோதரர்கள் அவற்றைக் கண்டு, படம் வரைந்துகொண்டு, மறுபடி மூடிவிட்டார்கள்.

1931-ல் துருக்கி அரசாங்கத்தின் அனுமதியோடு தாமஸ் விட்டிமோர் என்ற அமெரிக்கரின் குழு பூச்சை நீக்கத் தொடங்கியது. சிறு கருவிகளைக் கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். வேலை வருஷக் கணக்கில் நடந்தது. 1950-ல் விட்டிமோர் இறந்த பிறகும் தொடர்ந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முற்பட்ட கண்ணாடி மறுபடி ஒளி வீசியது!

அது சுண்ணாம்பு, இது சிமெண்டு. ஆனாலும் பாடம் ஒன்றே. கண்ணாடி அழியவில்லை, மூடித்தான் இருக்கிறது. மூடியதை நிதானமாக எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி, கறை படியாமல் பார்த்துக் கொள்வதுதான். ஒரே நேரத்தில் முழுச் சுவரிலும் பூசச் சொல்லாதீர்கள். ஒரு கெஜம் அளவுக்குப் பூசி, அதைத் துடைத்த பிறகே அடுத்த இடத்துக்குப் போகட்டும். கொத்தனாரை "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டாமல், துடைப்பதற்கென்று அரைமணி நேரம் கூடுதலாகக் கொடுங்கள். அந்த அரைமணி நேரக் கூலி, பின்னால் வாங்கும் ஆசிட் பாட்டிலைவிடவும் கீறிய கண்ணாடியைவிடவும் மலிவு!