முட்டை நின்றதும் கத்தியை எடுக்கலாமா?

2004 டிசம்பர் 26 கடற்கோளில் பாண்டிருப்புக் கரையோரத்தில் வீடுகளோடு வளவுகளும் அழிந்தன. இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு நாலு கோழி என்பது பிள்ளையின் முட்டை, கைச்செலவுக்குக் காசு. “தீன் தின்கிறது, முட்டையைக் காணோம்” என்று தாய்மார் சலித்துக்கொள்வதில் நியாயமுண்டு. ஆனால் கறிச்சட்டிக்கு அனுப்புமுன் காரணத்தைத் தேடுவோம்.

ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் செல்லும். ஆகவே இடையிடையே ஒரு நாள் தவறுவது இயல்பே. இறகு உதிர்க்கும் கோழியும் முட்டையை நிறுத்தும்; புது இறகு முளைத்தபின் மீண்டும் இடும்.

அடைக்கோழியை அடித்து விரட்டுவதால் பயனில்லை. குஞ்சு வேண்டுமாயின் சேவலோடு திரிந்த கோழியின் முட்டைகளை வையுங்கள். 21 நாளில் பொரிக்கும். வேண்டாமாயின் கம்பிவலை அடித்தளமுள்ள கூட்டில், தீனும் தண்ணீரும் வைத்து, சில நாள் விடுங்கள், அடை தெளியும்.

கோது மெலிந்தால் கல்சியம் போதவில்லை எனலாம். கடற்கரைச் சிப்பியைக் கழுவி, நொறுக்கி, தனிச் சிரட்டையில் வையுங்கள். முட்டைக்கோதை முழுதாகப் போடாதீர்கள்; முட்டை குடிக்கப் பழகிவிடும்.

கழுத்துத் திருகி, பச்சையாகக் கழிந்தால் அது ராணிக்கெட் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை, முன்கூட்டிய தடுப்பூசியே காவல். அயலவர் எல்லோரும் சேர்ந்து கால்நடை வைத்தியரை அழையுங்கள். நோய் வேலி பார்த்து நிற்பதில்லை.