வீட்டுக்கு முன் மனை, மனைக்கு முன் பத்திரம்

இராமநாதபுரம், இராமேசுவரம் கடலோரத்தில் முதல் வீட்டுக்கு முயலும் தலித் குடும்பங்கள் தொண்டு நிறுவனங்களிடம் பெரும்பாலும் கட்டுமான உதவியையே கேட்கின்றன. நாம் முதலில் கேட்க வேண்டியது, குடும்பத்தின் பெயரில் பதிவான மனையை. பிறர் நிலத்தில் நிற்பது கான்கிரீட் வீடே ஆனாலும், கூலி உயர்வு கேட்ட மறுநாள் அதைக் காலி செய்யச் சொல்ல முடியும்.

அரசுத் திட்டங்கள் மனை இல்லாதவரிடம் வந்து நின்றுவிடுகின்றன. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம் சமவெளிப் பகுதிகளில் 1.20 லட்சம் ரூபாயும், கலைஞரின் கனவு இல்லம் 3.50 லட்சம் ரூபாயும் தருகின்றன. இரண்டும் வீடு கட்டுவதற்கான பணமே தவிர, மனை வாங்குவதற்கானவை அல்ல. இந்த இடைவெளியை நிரப்புவதுதான் தொண்டு நிறுவனத்தின் பணி.

அதற்கு முன்மாதிரி கீழத்தஞ்சையில் உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்ட பின் அங்கே பணியாற்றச் சென்ற கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர் 1981இல் லாப்டி அமைப்பைத் தொடங்கினர். நிலவுடைமையாளரிடம் விலை பேசி, கடனுக்கு ஏற்பாடு செய்து, நிலத்தைப் பெண்களின் பெயரில் பதிவு செய்து கொடுத்தது அந்த அமைப்பு. உதவியது அமைப்பு, உரிமை உழைப்பவருடையது.

நம் கடலோரத்தில் முன்பணம் கொடுக்குமுன் செய்ய வேண்டியவை இவை:

1. குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, புலப்படம் ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். பதிவாகாத ஒப்பந்தமும் வாரிசுச் சண்டையும் வில்லங்கச் சான்றில் தெரியா. ஆகவே எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் தேவை.

2. அ-பதிவேட்டைப் பார்த்து, நிலம் புறம்போக்கா, நிபந்தனைப் பட்டாவா, பஞ்சமி நிலமா என்று உறுதி செய்ய வேண்டும்.

3. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். அங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்பதை மனை வாங்குமுன்பே கேட்க வேண்டும்.

4. விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும்.

பதிவுச் செலவையும் முன்கூட்டியே சேமிக்க வேண்டும். 4 லட்சம் ரூபாய் மனைக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு எனச் சேர்த்து 36,000 ரூபாய் ஆகும். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைகிறது. இந்த மனைக்கு 4,000 ரூபாய் மிச்சம். கணவர் கடனுக்காக மனையை அடகு வைப்பதற்கும் இது ஒரு தடை.

தொண்டு நிறுவனத்திடமும் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்போம். பத்திரம் யார் பெயரில்? தருவது கொடையா, கடனா? அசல் பத்திரம் யாரிடம் இருக்கும்? நிறுவனத்தின் பெயரில் மனையைப் பதிந்துவிட்டு, குடும்பத்துக்கு வெறும் குடியிருப்பு அனுமதி தருவதை நாம் ஏற்கக் கூடாது. பண்ணையார் போய் அறக்கட்டளை வந்தாலும் அந்தக் குடும்பம் குடியிருப்பது பிறர் நிலத்தில்தான்.

பதிவு முடிந்ததும் பட்டாவைப் பெயர் மாற்றி, அளந்து கல் நட வேண்டும். பிறகு பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத எவரேனும் அந்த மனையிலிருந்து சட்டவிரோதமாக வெளியேற்றினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜி) பிரிவின் கீழ் அது குற்றம். அவ்வழக்கில் நம் கையில் இருக்க வேண்டிய முதல் ஆவணம், அந்தப் பெண்ணின் பெயரிலுள்ள பத்திரம்.