ரொக்கையாவின் அடுப்படியில் சூரியன்

விறகு இல்லை, கரி இல்லை, புகைபோக்கியும் இல்லை. மரக்கறித் தோட்டத்துக்கு நடுவே ஓர் அடுப்படி. சூரியனின் வெப்பம் ஒரு குழாய் வழியாக உள்ளே வருகிறது. அதில் சமையல் நடக்கிறது. இப்படியோர் அடுப்படியை 1905ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தவர் ஒரு விஞ்ஞானி அல்லர். எந்தப் பாடசாலையிலும் மாணவியாக இருந்திராத ஒரு முஸ்லிம் பெண். பேகம் ரொக்கையா சகாவத் ஹுஸைன் என்பது அவரது பெயர். கதையின் பெயர் ‘சுல்தானாவின் கனவு’.

வங்காள இலக்கியத்தில் ரொக்கையாவுக்குத் தனி இடம் உண்டு. 1924இல் வெளிவந்த ‘பத்மராகம்’ என்ற நாவலும் பல கட்டுரைத் தொகுதிகளும் அவருடையவை. பெண்கல்விக்காகப் பாடுபட்டவர் என்றே பெரும்பாலோர் அவரை அறிவர். அது சரிதான். ஆனால் அவரது வாசிப்பு எங்கெல்லாம் போனது, அது அவரைச் சூரியனிடமும் மேகத்திடமும் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இன்று பங்களாதேஷில் உள்ள ரங்பூர் மாவட்டத்தின் பைராபந்த் கிராமத்தில், 1880இல் ஒரு நிலக்கிழார் குடும்பத்தில் அவர் பிறந்தார். அந்த வீட்டில் கிதாபுகளுக்குக் குறைவில்லை. ஆனால் பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதவும் உருது படிக்கவும் மட்டுமே அனுமதி இருந்தது. ஊரார் பேசும் வங்காளத்தையும் அரசாங்கத்தின் ஆங்கிலத்தையும் அவர்கள் கற்கக் கூடாது. மூத்த சகோதரி கரீமுன்னிஸா முற்றத்து மண்ணில் குச்சியால் கீறி வங்காள எழுத்துகளைப் பழகினார். ரொக்கையாவுக்கோ நானா இப்ராஹீம் சாபிர் துணையாக இருந்தார். வீட்டார் உறங்கிய பின் விளக்கை வைத்துக்கொண்டு தங்கைக்கு ஆங்கிலமும் வங்காளமும் சொல்லிக்கொடுத்தார். பிற்காலத்தில் ‘பத்மராகம்’ நாவலை ரொக்கையா அந்த நானாவுக்கே காணிக்கையாக்கினார்.

இவ்வாறு களவாகக் கற்ற மொழிகளில் அவர் எதையெல்லாம் வாசித்தார் என்பதை அவரது எழுத்துகளே காட்டிக்கொடுக்கின்றன. மேரி கொரெல்லி என்ற ஆங்கில நாவலாசிரியையின் கதையொன்றைத் தழுவி வங்காளத்தில் எழுதினார். சென்னை அடையாறில் வாழ்ந்த அன்னி பெசன்ட் இஸ்லாத்தைப் பற்றி ஆற்றிய உரையொன்றை மொழிபெயர்த்தார். இலக்கியமும் சமயமும் ஒரு பக்கம் இருக்க, மறுபக்கம் வானியலும் இயற்கை விஞ்ஞானமும் அவரை விடாமல் இழுத்தன. ‘சூரிய மண்டலம்’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் ஒரு கதை எழுதியிருக்கிறார். மலைப்பட்டினமான கெர்சியோங்கில் கௌஹர் அலி என்ற தந்தை, மனைவியும் ஒன்பது பெண் பிள்ளைகளும் சூழ அமர்ந்து, கிரகங்களைப் பற்றிக் கதைக்கிறார். மனைவியின் சகோதரர் ஜாபருக்கு இது பிடிக்கவில்லை. பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று குறுக்கே பேசிக்கொண்டே இருக்கிறார். ரொக்கையா அவரை வில்லனாக்கவில்லை. குடும்பத்துக்கு ஒருவராவது இருக்கும் மாமாவாகவே காட்டுகிறார். கதையில் என்னைக் கவர்ந்தது அந்தத் தந்தைதான். பிள்ளைகளிடம் விஞ்ஞானத்தைப் பாடமாக ஒப்புவிக்காமல், வீட்டுப் பேச்சாகவே அவர் அதைப் பேசுகிறார்.

ரொக்கையாவின் கணவர் சகாவத் ஹுஸைன் பீகாரில் உள்ள பாகல்பூரில் துணை நீதவான். இங்கிலாந்துக்குச் சென்று விவசாயம் கற்றுத் திரும்பியவர். மனைவி ஆங்கிலம் வாசிப்பதையும் எழுதுவதையும் அவர் விரும்பினார். ஒருமுறை அவர் அலுவலாக வெளியூர் போயிருந்த வேளையில், பொழுதைப் போக்குவதற்காக ரொக்கையா ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். திரும்பி வந்த கணவர் அதை நின்றபடியே வாசித்து முடித்து, ஆண்கள் மீது பெண் எடுத்த பயங்கரமான பழிவாங்கல் இது என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னாராம். அந்தக் கதைதான் 1905இல் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதனை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த ‘இந்தியன் லேடீஸ் மகஸின்’ இதழில் அச்சானது. வங்காளப் பெண்ணொருத்தியின் கனவு முதலில் அச்சேறியது தமிழ்நாட்டுத் தலைநகரில் என்பது நமக்குச் சற்றுப் பெருமைதான்.

கதையில் சுல்தானா கண்ணயர்கிறாள். கனவில் ஒரு நாட்டுக்குப் போகிறாள். அங்கே பெண்கள் வெளியே உலாவுகிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் இருந்து சமைக்கிறார்கள். எப்படி இது நேர்ந்தது? அந்த நாட்டு அரசி, பெண்களெல்லாம் கல்வி கற்க வேண்டும் என்று சட்டமிட்டாள். பெண்களுக்கென இரண்டு பல்கலைக்கழகங்கள் தோன்றின. ஒன்று, குழாய்கள் பொருத்திய பலூனை மேகத்துக்கு மேலே மிதக்கவிட்டு வேண்டிய நீரை நேரே எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தது. மற்றது, சூரிய வெப்பத்தைத் திரட்டிச் சேமித்து, தேவையானவர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் கருவியைச் செய்தது. இராணுவத்தைப் பெருக்குவதில் மும்முரமாக இருந்த ஆண்கள் இவற்றைக் கேட்டுச் சிரித்தார்கள். பிறகு பகைவர் படையெடுத்தபோது ஆண்களின் சேனை தோற்றது. அதிபர் ஒருத்தி இரண்டாயிரம் மாணவியருடன் களத்துக்குச் சென்று, திரட்டிய சூரியக் கதிரைப் பகைவர் மேல் திருப்பினாள். போர் முடிந்தது.

நகைச்சுவையும் உண்டு. ஆண்கள் ஏழு மணித்தியாலம் செய்யும் அலுவலக வேலையை அந்த நாட்டுப் பெண்கள் இரண்டு மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறார்கள். எப்படி என்றால், ஆண்களின் நாளில் ஆறு மணித்தியாலம் சுருட்டுப் பிடிப்பதிலேயே போய்விடுகிறது என்று ஒரு கணக்கு வருகிறது. அரை மணிக்கு ஒரு சுருட்டு, நாளுக்குப் பன்னிரண்டு. கணிதம் பிசகவில்லை.

சூரிய வெப்பத்தால் சமைக்கலாம் என்பது 1905இல் வெறும் மாயக்கதை அன்று. பிரான்ஸில் ஒகுஸ்தான் மூஷோ என்ற கணித ஆசிரியர், கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து நீராவி இயந்திரத்தை ஓட்டிக் காட்டியிருந்தார். 1878ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் அவரது கருவி வெயிலைக் கொண்டே ஐஸ் கட்டி செய்தது. அதே ஆண்டு பம்பாயில், உயர் நீதிமன்றத்தில் பணியாற்றிய வில்லியம் அடம்ஸ் என்ற ஆங்கிலேயர் சூரிய வெப்பத்தைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். இந்தியாவில் எரிபொருள் விலை கூடியது, வெயிலோ இலவசம் என்பது அவரது வாதம். அவர் செய்த கண்ணாடி அடுப்பில் ஏழு சிப்பாய்களுக்கான இறைச்சியும் மரக்கறியும் இரண்டு மணித்தியாலத்தில் வெந்தன. அதுவும் ஜனவரி மாதத்து வெயிலில்.

பிறகு ஏன் அது பரவவில்லை? நிலக்கரி மலிவாகிவிட்டது. 1913இல் எகிப்தின் மஆதியில் பிராங்க் ஷுமன் என்ற அமெரிக்கர் நீண்ட தொட்டி வடிவக் கண்ணாடிகளை நிறுத்தி, வெயிலின் பலத்தால் நைல் நதி நீரை வயலுக்கு இறைத்தார். மறு வருடம் உலக யுத்தம் வந்தது. அந்த முயற்சி நின்றுபோனது. அதன் பின் எண்ணெயின் காலம்.

ஆண் கண்டுபிடிப்பாளர்கள் பலரும் சூரியனை ஓர் இயந்திரத்தின் வயிற்றுக்குத் தீனியாகவே பார்த்தார்கள். அடம்ஸின் அடுப்புக்கூட சிப்பாய்களின் சாப்பாட்டை எண்ணிச் செய்யப்பட்டது. ரொக்கையாவோ அதை முதலில் அடுப்படிக்குக் கொண்டுவருகிறார். புகையில் கண் எரிந்தவர்களுக்குத்தான் புகையில்லா அடுப்பின் அருமை தெரியும். இது பழங்கதையும் அல்ல. விறகு, கரி போன்றவற்றின் வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அந்தப் புகையை அதிகம் சுவாசிப்பவர்கள் பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கும் பிள்ளைகளும். இன்னதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கேள்வியை யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே கண்டுபிடிப்பும் அமைகிறது. அந்த நாட்டில் கேள்வி கேட்டவர்கள் பெண்கள். ஆகவே விடை அடுப்படியிலும் தண்ணீரிலும் தொடங்கியது.

அவரை இன்றைய சுற்றாடல் ஆர்வலராக்கிவிடுவதும் பொருந்தாது. காலநிலை மாற்றம் என்ற பேச்சே அன்று இல்லை. மேகத்திலிருந்து நீரை உறிஞ்சி மழையையும் புயலையும் நிறுத்திவிட்டதாக அவர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். புவியியல் படிக்கும் மாணவி எவரும் இதை வாசித்துத் திடுக்கிடுவாள்: மழை நின்றால் காடு என்னாவது? சூரியக் கதிரை ஆயுதமாக்கியதும் யோசிக்க வைக்கிறது. ஆனால் ஆண்களை வீட்டுக்குள் அடைத்தது ஆலோசனை அல்ல, கிண்டல். அன்றைய ஆண்களின் முகத்துக்கு நேரே பிடித்த கண்ணாடி அது.

இவற்றையும் தாண்டி, அவர் தொட்ட இரண்டு இடங்கள் இன்று உண்மையாகியிருக்கின்றன. மொரோக்கோவின் வர்ஸஸாத் நகருக்கருகே ‘நூர்’ என்ற சூரிய மின்நிலையம் 2016இல் இயங்கத் தொடங்கியது. கண்ணாடிகள் குவிக்கும் வெப்பத்தை உருகிய உப்பில் சேமித்து, பொழுது சாய்ந்த பின்னும் அதிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். நமது வீட்டுக் கூரைகளில் காணும் சோலார் பலகை ஒளியை நேரே மின்சாரமாக்குவது, இது வேறு. இது வெப்பத்தைத் திரட்டுவது, சேமிப்பது, பகிர்வது. ரொக்கையா சொன்ன வரிசையும் இதுவேதான். அதே மொரோக்கோவின் சிதி இஃப்னி மலைப்பகுதியில் மூடுபனி வீசும் உச்சியில் பெரிய வலைகளைக் கட்டியிருக்கிறார்கள். பனித்துளிகள் வலையில் படிந்து, ஒன்றுசேர்ந்து, கீழேயுள்ள பீலியில் வடிகின்றன. குழாய் வழியே கிராமங்களுக்குப் போகின்றன. பெண்கள் முன்நின்று நடத்தும் ‘தார் ஸி ஹ்மத்’ என்ற அமைப்பின் பணி இது. குடத்தோடு தொலைதூரம் நடந்துகொண்டிருந்த பெண்களின் வீட்டுக்கே இன்று நீர் வருகிறது. பலூன் இல்லை, ஆனால் மேகத்துக்குக் குழாய் பொருத்தியாயிற்று.

புதிய கருவிகளில் மோகம் கொண்டவர் பழையதை மறந்துவிடவும் இல்லை. ரங்பூர்ப் பகுதியில் ஆமணக்கு இலை தின்னும் புழுவின் கூட்டிலிருந்து பெண்கள் வீட்டிலேயே ‘எண்டி’ நூல் நூற்று உடுத்த காலத்தை அவர் தனிக் கட்டுரையாக எழுதினார். வெளிநாட்டு வண்ணத் துணி வந்து அந்தக் கைத்தொழிலை அழித்தது அவருக்குக் கவலையாக இருந்தது. விவசாயியின் வறுமையோடு அதைச் சேர்த்தே பார்த்தார்.

கணவர் 1909இல் காலமானார். அவர் ஒதுக்கிவைத்த பணத்தைக் கொண்டு ரொக்கையா பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் ஒரு பாடசாலை தொடங்கினார். 1911இல் அதைக் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. கனவு நாட்டில் பல்கலைக்கழகம் கட்டியவருக்கு நிஜத்தில் ஒரு பஸ்ஸே பெரும் பிரச்சினையானது. மாணவியரை ஏற்றிவர வாங்கிய மோட்டார் பஸ் காற்றுப் புகாதபடி முற்றாக அடைக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் வெப்பத்தில் மயங்கி விழுந்தார்கள். காற்று வரட்டும் என்று அடைப்பை நீக்கித் திரைச்சீலை போட்டார்கள். உடனே கடிதங்கள் வந்தன: திரை காற்றில் பறக்கிறது, இப்படியென்றால் பிள்ளைகளை அனுப்ப முடியாது. பெற்றோரின் பயத்தை அவர் பழிக்கவில்லை, பாடசாலையையும் மூடவில்லை. காற்றும் வேண்டும், திரையும் வேண்டும் என்று இரண்டுக்கும் நடுவே வழி தேடிக்கொண்டிருந்தார். சகாவத் நினைவுப் பாடசாலை கல்கத்தாவில் இன்றும் இயங்குகிறது. ‘சுல்தானாவின் கனவு’ 2024இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

கதையில் சுல்தானா ஒரு வான்வண்டியில் ஏறுகிறாள். ஐதரசன் நிரப்பிய இரு உருண்டைகள் அதை மேலே தூக்க, மின்சாரத்தில் சுழலும் சிறகுகள் அதைச் செலுத்துகின்றன. இது எழுதப்பட்டபோது ரைட் சகோதரர்களின் விமானம் பறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இருபத்தைந்து வருடங்கள் கழித்து, 1930இல், ரொக்கையாவே உண்மையான விமானம் ஒன்றில் ஏறிப் பறந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. இறங்கி வந்து அந்தப் பயணத்தை ஒரு கட்டுரையாக எழுதினார். அதற்கு அவர் வைத்த தலைப்பு, ‘வான்கலத்தில் ஐம்பது மைல்’.